மறுபடியும் முதல் பாகத்திலிருந்து

வாசகர் கேள்வி – பதில்

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் என்ன வாசிக்கப் போகிறீர்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். புதிய நூல்களின் பெயர்கள் வரும் என்று எதிர்பார்த்திருந்தோம். ஆனால் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, எப்போதோ வாசித்து முடித்த ஃபேன்டஸி தொடர்களை மறுபடியும் கையில் எடுப்பதைப் பற்றியே பேசின. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: உயர்நிலைப் பள்ளிக் காலத்திலிருந்தே நவம்பர், டிசம்பர் மழை தொடங்கிவிட்டால் ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ மூன்று பாகங்களையும் முதலிலிருந்து வாசிப்பது என் வழக்கம். இப்போது எனக்கு 48 வயது. பிரித்துக்கூடப் பார்க்காத புத்தகங்கள் அலமாரி நிறைய இருக்கும்போது, முடிவு தெரிந்த கதையையே ஏன் திரும்பத் திரும்ப வாசிக்கிறாய் என்று என் கணவர் கேட்கிறார். எனக்கும் சில வேளைகளில் குற்றவுணர்வு எழுகிறது. இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டுமா?
— வாசகி, ஈசூன்

பதில்: முடிவைத் தெரிந்துகொள்வதற்காகத்தான் கதையை வாசிக்கிறோம் என்று உங்கள் கணவர் நினைக்கிறார் போலும். நம் முன்னோர் அப்படி நினைத்ததில்லை. துரியோதனன் படுகளத்தில் வீழ்வான் என்று தெரிந்துதான் விடிய விடியக் கூத்துப் பார்த்தார்கள். விக்கிரமாதித்தன் வாய் திறந்தவுடன் வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும் என்பது எந்தப் பிள்ளைக்குத் தெரியாது? வள்ளுவரும் பண்புடையாரின் நட்பை விளக்க வந்த இடத்தில், நவில்தொறும் பெருகும் நூல்நயத்தைத்தான் உவமையாக எடுத்துக்கொண்டார். கேட்பவருக்கு முன்பே பழகிய ஒன்றுதான் உவமையாகப் பயன்படும் என்பதால், மறுவாசிப்பின் இன்பம் அவர் காலத்தவர்க்கு எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லாத அனுபவமாக இருந்திருக்க வேண்டும்.

வயதைக் குறிப்பிட்டிருப்பதால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அழிக்க வேண்டிய தீய மோதிரத்தைச் சுமந்துகொண்டு நாயகன் ஃபிரோடோ வீட்டைவிட்டுப் புறப்படும்போது அவனுக்கு என்ன வயது? 2001இல் திரைப்படம் வந்த பிறகு நம் எல்லோர் மனத்திலும் ஓர் இளைஞனின் முகம் பதிந்துவிட்டது. நூலில் உள்ளது வேறு. ஃபிரோடோவின் குள்ள இனத்தவரான ஹாபிட்டுகள் 33 வயதில்தான் பெரியவர்களாகக் கருதப்படுகிறார்கள். அந்தப் பிறந்தநாளில் ஃபிரோடோவிடம் மோதிரம் வந்து சேர்கிறது. அதன்பின் 17 ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மறுநாள்தான் அவன் பயணம் கிளம்புகிறான். மோதிரத்தின் விளைவால் தோற்றத்தில் இளமை மாறவில்லையே தவிர, சொந்த வீட்டை விற்றுவிட்டு, இனித் திரும்பி வருவோமா என்று தெரியாமல் புறப்படுகிற அவன் ஒரு நடுவயதுக்காரன். பள்ளி மாணவியாக இருந்தபோது அந்தப் பக்கங்களை, மோதிரத்தைத் தேடும் கறுப்புக் குதிரைவீரர்கள் எப்போது வருவார்கள் என்ற அவசரத்தில் நீங்கள் கடந்திருப்பீர்கள். இந்த மழைக்காலத்தில் அவற்றை நிதானமாக வாசித்துப் பாருங்கள்.

இறுதிப் பகுதியையும் அப்படியே சொல்வேன். மோதிரம் அழிந்து எல்லோரும் ஊர் திரும்பிய பிறகும் ஃபிரோடோவின் காயம் ஆறுவதில்லை. கத்திக்குத்துப் பட்ட அக்டோபர் 6ஆம் தேதி மறுபடி வரும்போது அவனுக்கு உடல்நலம் கெடுகிறது. சிலந்தியின் நஞ்சு ஏறிய மார்ச் மாத நாளிலும் அதே நிலைதான். தன்னைப் பார்த்துக்கொள்ளும் தோழன் சாமிடம்கூட அதை அவன் மறைக்கப் பார்க்கிறான். பதினைந்து வயதில் இது ஒரு பின்குறிப்பு. பெற்றோரில் ஒருவரை இழந்து, திதி நெருங்கும் வாரத்தில் காரணம் தெரியாமல் உடல் சோர்ந்துபோவதை அனுபவித்தவர் வாசிக்கும்போது, நூலின் மையமே அங்கேதான் இருப்பதாகத் தோன்றும். இதை முதல் வாசிப்பிலேயே பெற்றுவிட முடியாது. நடுவில் நாம் சில ஆண்டுகள் வாழ்ந்தாக வேண்டும். திரைப்படத்தில் சாருமானாக நடித்த கிறிஸ்டஃபர் லீ இந்த நூலை ஆண்டுக்கொரு முறை வாசித்துவந்தவர் என்பதை உங்கள் கணவரிடம் சொல்லிப் பாருங்கள். பிரிக்காத புத்தகங்கள் ஜனவரி வரை பொறுத்திருக்கும்.

கேள்வி: ‘நார்னியா’ ஏழு நூல்களையும் மறுபடி வாசிக்கப் போகிறேன். வெளிவந்த வரிசையா, கதை நடக்கும் கால வரிசையா, எது சரி?
— வாசகர், தெம்பனிஸ்

பதில்: நூல்கள் 1950 முதல் 1956 வரை வெளிவந்தன. நார்னியா பிறந்த கதையைச் சொல்லும் ‘த மெஜிஷியன்ஸ் நெஃபியூ’ ஆறாவதாக, 1955இல்தான் வந்தது. இப்போதைய பதிப்புகளில் அதற்கே முதல் எண் தருகிறார்கள். 1957இல் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் நூலாசிரியர் சி. எஸ். லூயிஸ் கால வரிசையை ஆதரித்தது உண்மைதான். இருந்தாலும், புதிதாக வாசிப்பவருக்கு நான் வெளியீட்டு வரிசையையே சொல்வேன். முதலில் வெளிவந்த நூலில் பனிக்காட்டின் நடுவே ஒரு தெருவிளக்கு நிற்கிறதே என்று வியந்த பிறகுதான், அது அங்கே எப்படி வந்தது என்று அறிவதில் சுவை இருக்கும். உங்களுக்கு அந்த வியப்பு ஏற்கெனவே வாய்த்துவிட்டது. எந்த வரிசையும் தகும்.

கேள்வி: தொடக்கநிலை 5இல் படிக்கும் என் மகள் ‘ஹாரி பாட்டர்’ தவிர வேறெதையும் தொடுவதில்லை. ஏழாம் பாகத்தை முடித்ததும் அன்றைக்கே முதல் பாகத்தை எடுத்துவிடுகிறாள். பலவகை நூல்களை வாசித்தால்தான் கட்டுரை நன்றாக வரும் என்று துணைப்பாட ஆசிரியர் சொல்கிறார். புத்தகங்களைச் சிறிது காலம் ஒளித்து வைக்கலாமா?
— ஒரு தந்தை, செங்காங்

பதில்: வேண்டாம். ஒளித்து வைத்தால் புத்தகம் என்றாலே பெரியவர்கள் பறித்துக்கொள்ளும் பொருள் என்ற எண்ணம்தான் அவளிடம் தங்கும். (ஒரே வகை அசெஸ்மென்ட் புத்தகத்தைப் பிள்ளைகள் மாதக்கணக்கில் செய்துகொண்டிருப்பதை மட்டும் ஏன் எவரும் குறை சொல்வதில்லை என்று எனக்கு விளங்கியதே இல்லை.)

அந்தத் தொடர் மறுவாசிப்புக்கென்றே கட்டப்பட்டது. 1997இல் வந்த முதல் பாகத்தின் முதல் அத்தியாயத்திலேயே, குழந்தை ஹாரியை மோட்டார் சைக்கிளில் கொண்டுவரும் ஹேக்ரிட், அந்த வண்டியை சிரியஸ் பிளாக்கிடம் இரவல் வாங்கியதாக ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறான். அந்தப் பெயர் யாருடையது என்பது 1999இல் வந்த மூன்றாம் பாகத்தில்தான் தெரிகிறது. ஐந்தாம் பாகத்தில், பாழடைந்த வீட்டைச் சுத்தம் செய்யும்போது எவராலும் திறக்க முடியாத ஒரு பதக்கம் மற்றக் குப்பைகளோடு கைமாறுகிறது. ஏழாம் பாகத்தில் எல்லோரும் உயிரைப் பணயம் வைத்துத் தேடுவது அதைத்தான். முதன்முறை வாசிக்கும் எவரும் இந்த இடங்களில் நிற்பதில்லை. ஏழையும் முடித்துவிட்டு ஒன்றுக்குத் திரும்பும் பிள்ளைக்கோ ஒவ்வொன்றும் கண்ணில் படும். முன்னால் போட்டு வைத்த முடிச்சைப் பின்னால் அவிழ்ப்பது எப்படி என்பதை உங்கள் மகள் அங்கே கற்றுக்கொண்டிருக்கிறாள். கட்டுரைக்கு அது உதவாது என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அடுத்த ஆண்டு அவளுக்குத் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு. என்ன நடக்கும் என்று தெரிந்த ஓர் உலகத்துக்குள் அவள் மறைந்துகொள்கிறாள் என்றால், கவனிக்க வேண்டியது அவளுடைய மனக்கலக்கத்தைத்தான். இரவு உணவின்போது, “இந்தத் தடவை புதிதாக என்ன கண்டுபிடித்தாய்?” என்று கேட்டுப் பாருங்கள். விடை நீளமாக வந்தால் கவலையை விடலாம். தோளைக் குலுக்கிவிட்டு எழுந்துபோனால், புத்தகப் பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: எழுபதுகளில், ஸ்டாம்ஃபர்டு சாலையில் இருந்த செங்கல் நிறத் தேசிய நூலகத்தில் அர்சலா லெ குவினின் ‘எர்த்ஸீ’ நூல்களை வாசித்தேன். அந்தக் கட்டடத்தை 2004இல் மூடி, சுரங்கச் சாலைக்காக இடித்துவிட்டார்கள். அண்மையில் என் பேத்திகளுக்கு வாசித்துக் காட்டலாம் என்று முதல் பாகத்தை எடுத்தேன். மந்திரவாதிகள் எல்லோரும் ஆண்கள். பெண்களின் மந்திரம் வலுவற்றது, பொல்லாதது என்று ஒரு பழமொழி வேறு வருகிறது. அந்த வரியைச் சத்தமாக வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. இத்தனை ஆண்டுகள் போற்றிவந்த நூல் இதுதானா?
— பணி ஓய்வு பெற்ற வாசகர், தோ பாயோ

பதில்: ஐயா, உங்களை உறுத்தியது அதை எழுதியவரையும் உறுத்தியிருக்கிறது. முதல் பாகம் 1968இல் வந்தது. 1972இல் மூன்றாம் பாகத்தோடு தொடர் நிறைவடைந்ததாகவே எல்லோரும் இருந்தார்கள். அந்த மூன்றாம் பாகத்தின் முடிவில் நாயகன் கெட் தன் மந்திர ஆற்றல் முழுவதையும் செலவழித்து இழந்துவிடுகிறான். பிறகு 18 ஆண்டுகள் கழித்து, 1990இல், நான்காம் பாகமாக ‘டெஹானு’ வந்தது. நீங்கள் அதை வாசித்ததாகக் கடிதத்தில் இல்லை. அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

இரண்டாம் பாகத்தில் இருட்டுக் கல்லறைகளின் இளம் பூசாரியாக வந்த டெனார் உங்களுக்கு நினைவிருப்பாள். ‘டெஹானு’வில் அவள் நடுவயதைத் தொட்ட விதவை, ஒரு விவசாயியின் மனைவியாக வாழ்ந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். நெருப்பில் தள்ளப்பட்டு முகமும் கையும் கருகிய ஒரு சிறுமியை எடுத்து வளர்க்கிறாள். கெட் அங்கே வந்து சேர்வது வெற்றி வீரனாக அன்று. ஆற்றல் போன வெட்கத்தில் எவர் கண்ணிலும் படாமல் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறான். அதே தீவுகள், அதே சட்டதிட்டங்கள், அதே பழமொழி. பார்ப்பவர் மட்டும் மாறியிருக்கிறார்: பெரிய மந்திரவாதிகளின் பெருமையெல்லாம், பாத்திரம் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் பார்வையில் எப்படித் தெரிகிறது என்பதே அந்த நூல். முன்பு எழுதியதில் ஒரு வரியைக்கூட லெ குவின் அழிக்கவில்லை. தன் உலகத்துக்குள் தானே மறுபடி நுழைந்து, தான் எங்கே நின்று பார்த்தோம் என்று கேட்டுக்கொண்டார். ‘எர்த்ஸீயின் கடைசி நூல்’ என்று அதற்கு அடைமொழியும் கொடுத்தார். ஆனால் 2001இல் மேலும் இரண்டு நூல்கள் வந்தன.

பேத்திகளுக்கு முதல் பாகத்தையே வாசித்துக் காட்டுங்கள், அந்த வரியையும் விடாமல். அவர்கள் கோபப்பட்டால் நல்லதுதான். ‘டெஹானு’வை இப்போது நீங்கள் மட்டும் வாசியுங்கள், சிறு குழந்தைகளுக்கு ஏற்றதன்று. மந்திரப் போர்களை எதிர்பார்த்தால் முதல் நூறு பக்கம் நகராது; ஆனால் தொடரிலேயே சிறந்தது அதுதான் என்பது என் கருத்து. எல்லாத் தொடர்களுக்கும் இப்படி ஒரு நான்காம் பாகம் வாய்ப்பதில்லை. இளமையில் கொண்டாடிய சில தொடர்களை நானும் பாதியில் மூடி, பிராஸ் பசாவில் பழைய புத்தகக்காரரிடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: ‘த ஹாபிட்’ என்னிடம் பழைய பிரதியாக இருக்கிறது. முதுகு பிளந்து, தாள் பழுத்துவிட்டது. ஆனாலும் வேறு பிரதியில் வாசித்தால் அதே கதையாகத் தோன்றவில்லை. செல்லோடேப் ஒட்டிச் சமாளிக்கலாமா, அல்லது நூலகத்தின் லிபி செயலியில் இரவல் வாங்கி வாசிக்கலாமா?
— வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: செல்லோடேப் மட்டும் வேண்டாம். நம் ஊர் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சில ஆண்டுகளில் பசை தாளுக்குள் ஊறிப் பழுப்புக் கறையாகிவிடும்; பிளாஸ்டிக் தனியே உரிந்து வரும், எழுத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு. பைண்டிங் செய்யும் ஒருவரிடம் கொடுத்துப் புதிய முதுகு போட்டுக்கொள்ளுங்கள். வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கத்தரித்துச் சேர்த்துப் பைண்டு செய்து, வீட்டில் எல்லோரும் மாறி மாறி வாசித்த வழக்கம் உள்ளவர்கள்தாமே நாம். வெள்ளிப் பூச்சி அரிக்காமல் இருக்க, புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குள் வைக்காமல் காற்றோட்டமுள்ள தட்டில் வையுங்கள்.

வேறு பிரதி வேறு கதையாகத் தோன்றுகிறது என்கிறீர்கள். உங்கள் நூலைப் பொறுத்தவரை ஒருமுறை அது உண்மையாகவே நடந்தது. 1937இல் வந்த முதல் பதிப்பில், விடுகதைப் போட்டியில் நாயகன் பில்போவிடம் தோற்ற குகைவாசி கோல்லம், மோதிரத்தைப் பரிசாகத் தருவதாகச் சொன்னவன் அது காணாமல் போனதால் பலமுறை மன்னிப்புக் கேட்டு, பில்போவுக்கு வெளியேறும் வழியையும் காட்டிவிடுகிறான். பிற்காலப் பெருங்கதையான ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நூலில் அந்த மோதிரம் யாரும் மனமுவந்து விட்டுக்கொடுக்க முடியாத தீமையாக வளர்ந்துவிட்டதால், 1951ஆம் ஆண்டுப் பதிப்பில் இரண்டையும் எழுதிய டோல்கீன் அந்த அத்தியாயத்தையே மாற்றி, கோல்லத்தைக் கொலைவெறியோடு துரத்த வைத்தார். அதோடு நிற்கவில்லை. பழைய வடிவம் பில்போ தன் உரிமையை நிலைநாட்டச் சொன்ன பொய் என்று அடுத்த நூலில் கதைக்குள்ளேயே கணக்குத் தீர்த்துவிட்டார். முதல் பதிப்பை வாசித்தவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் ஆனார்கள், அதுவும் பில்போவால்! ஒரு மறுவாசிப்பாளருக்கு இதைவிடப் பெரிய விருந்து இருக்க முடியாது.

லிபியில் 21 நாள் இரவல் கிடைக்கும், ‘த ஹாபிட்’டுக்கு அது தாராளம். பயணத்தில் அதை வாசியுங்கள். பைண்டு செய்த பிரதி வீட்டிலேயே இருக்கட்டும்.

கேள்வி: மறுவாசிப்பில் சலிப்பூட்டும் அத்தியாயங்களைத் தாண்டிவிடுகிறேன். ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நூலில் டாம் பாம்படில் வரும் பகுதியை நான் வாசித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. இதை வாசிப்பு என்று சொல்லலாமா?
— வாசகி, பிடோக்

பதில்: தாராளமாகச் சொல்லலாம். 1981இல் பிபிசி வானொலி நாடகமாக்கியபோதும், பிறகு திரைப்படமாக்கியபோதும் அவர்களும் பாம்படிலைத் தாண்டித்தான் போனார்கள். பதினான்கு பாகங்கள் கொண்ட ‘த வீல் ஆஃப் டைம்’ போன்ற தொடரை மறுபடி வாசிப்பவர்களில் நடுப்பாகங்களை ஒரு வரியும் விடாமல் வாசிப்பவர் அரிது. ஆனால் நீங்கள் தாண்டும் இடம் ஒவ்வொரு முறையும் ஒரே இடமாக இருந்தால், சலிப்பு வெறும் பழக்கமாகிவிட்டிருக்கக்கூடும். அடுத்த முறை போர்க்களத்தைத் தாண்டிவிட்டு, பாம்படிலின் வீட்டில் மழை பெய்யும் அந்த ஒரு நாளை மட்டும் வாசியுங்கள். அப்போதும் பிடிக்கவில்லையென்றால் எனக்கு எழுதுங்கள். அவருக்காக வாதாட எனக்கு இன்னும் நிறையவே இருக்கிறது.