கிட்டார் கேள்வி-பதில்: கெயினை இறக்குங்கள்

கேள்வி: எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது சார். அறையில் தனியாக வாசிக்கும்போது என் டிஸ்டார்ஷன் பெடல் (ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் மிதிக்கிற பெட்டி) பிரமாதமாக இருக்கிறது. டிரம்ஸ், பேஸ் கிட்டாரோடு சேர்ந்து வாசித்தால் என் கிட்டார் எங்கே போனது என்றே தெரியவில்லை. இன்னும் அதிக கெயின், அதாவது கரகரப்பு, உள்ள பெடல் வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். கெயின் குமிழை எங்கே வைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் கடிகாரத்தில் மூன்று மணியைத் தாண்டித்தான் நிற்கும் என்று பந்தயம் கட்டுவேன். நானும் அப்படி வைத்தவன்தான். என் முதல் மேடை முடிந்ததும் அண்ணன் கேட்டார்: "நீ வாசிச்சியா, சும்மா கையை ஆட்டினியா?"

டிஸ்டார்ஷன் என்பது ஒலி அலையின் உச்சியைச் சீவுகிற வேலை. ஓங்கி மீட்டினாலும் தடவினாலும் உச்சி ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வெட்டுப்படும். கெயின் ஏற ஏற, பிக் கம்பியில் படும் அந்த முதல் 'டக்' மழுங்கிவிடும். கூட்டத்துக்குள் காது உங்களைக் கண்டுபிடிப்பதே அந்த 'டக்'கை வைத்துத்தான்.

இன்னொன்று, மிட், அதாவது நடு ஸ்தாயி ஒலி. கீழே பேஸ் கிட்டார், மேலே சிம்பல். உங்களுக்கு மிச்சமிருக்கும் இடம் நடுவில்தான். தனியாக வாசிக்கும்போது நடுவைக் குறைத்தால் கனமாக, அழகாகக் கேட்கும், ஏமாந்துவிடுவோம். 1978-இல் வந்த பாஸ் கம்பெனியின் டிஎஸ்-1 டிஸ்டார்ஷன் பெடல் இயல்பிலேயே நடுவைக் கொஞ்சம் குடையும். 1979-இன் ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர் பெடல் நடுவைத் தூக்கும். கண்டிப்பாகச் சொன்னால் அது ஓவர்டிரைவ் ரகம், டிஸ்டார்ஷனைவிட மென்மையாகக் கரகரக்கும். ஆனாலும் குழுவில் வாசிக்கிறவர்கள் அதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அந்த நடுதான்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. குழு வாசித்துக்கொண்டிருக்கும்போதே கெயினைப் பத்து மணிக்கு இறக்குங்கள். டோன் நடுவில் இருக்கட்டும். பெடலை மிதித்தால் ஒலி ஒரு பிடி கூடுகிற அளவுக்கு லெவலை ஏற்றுங்கள். ஆம்ப்ளிஃபையரில் மிட் குமிழ் இருந்தால் அதையும் கொஞ்சம் ஏற்றுங்கள். அப்புறம் ஆறு கம்பியிலும் ஒரு ஈ மேஜர் கார்டை மீட்டுங்கள். அதிலுள்ள ஜி ஷார்ப் சுரம் தனியாகக் காதில் விழுகிறதா? எல்லாம் கூழாகக் கேட்டால் கெயின் இன்னும் அதிகமாகவே இருக்கிறது, மேலும் இறக்குங்கள். டிஸ்டார்ஷனில் இரண்டு சுரங்கள் சேர்ந்தால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புதுச் சுரங்கள் முளைக்கும். ஈயும் பியும் மட்டும் சேர்ந்த பவர் கார்டில் அவை ஒத்துப்போகும், ஜி ஷார்ப் நுழைந்தால் முட்டிக்கொள்ளும்.

கிட்டாரில் இருக்கும் வால்யூம் குமிழையும் மறந்துவிடாதீர்கள். பத்திலிருந்து ஆறுக்கு இறக்கினால் கரகரப்பு தெளியும். பெடலை அணைக்கவே வேண்டாம்.

பேட்டரியில் ஓட்டுகிறீர்களா? வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். கேபிள் செருகியிருந்தால், பெடலின் விளக்கு அணைந்திருந்தாலும் பேட்டரி கரையும். நான் ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிட்டு, மறுநாள் பாட்டின் பாதியில் ஊமையானேன்.

கேள்வி: எதிரொலி தரும் டிலே பெடலை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா?

பதில்: பின்னால். முன்னால் வைத்தால் எதிரொலிகளும் சேர்ந்து கசங்கும். வேண்டுமென்றே அப்படிக் கசக்குகிறவர்களும் உண்டு; அவர்கள் என்னிடம் கேட்பதில்லை.