அண்ணி மேல் உள்ள கோபம் வேறு, பிள்ளைக்கு நடந்தது வேறு

கேள்வி: தங்கச்சிமடம் பக்கம் எங்கள் ஊர். என் அண்ணன் கடலில் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அண்ணி எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், குழந்தைகள் நலக் குழு மூலம் பையனை அரசுக் காப்பகத்தில் சேர்த்துவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். நிவாரணப் பணமும் அவரிடம்தான். பையனுக்கு 11 வயது. மே லீவுக்கு என்னிடம் வந்தான். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வீட்டில் இருந்த என் கணவர் அவனைக் கடலுக்குக் குளிக்கக் கூட்டிப்போனார். சட்டையைக் கழற்றினால் முதுகெல்லாம் பெல்ட் தடம். அன்று இரவு, அங்கே வேலை பார்க்கும் ஒருவர் தொடக்கூடாத இடத்தில் தொடுகிறார் என்று என்னிடம் சொன்னான். கண்காணிப்பாளரிடம் போய்க் கேட்டோம். மரியாதையில்லாமல் பேசி, ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார். அங்கே சாப்பாடும் மோசமாம். பையன் சொன்னதை மூன்று தடவை போனில் வீடியோ எடுத்து, சொந்தக்காரர்களுக்கும் ஊர்த் தலைவருக்கும் அனுப்பினேன். தலைவர் பேசி முடிக்கலாம் என்கிறார். 9 நாள் ஆகிவிட்டது. அண்ணி மேலும் காப்பகத்தின் மேலும் வழக்குப் போட முடியுமா?

பதில்: அம்மா, அண்ணி, நிவாரணப் பணம், சாப்பாடு, கண்காணிப்பாளரின் பேச்சு, எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வரிதான். அன்று இரவு பையன் உங்களிடம் சொன்னது. அதைக் கேட்ட பிறகு போலீசில் சொல்வதா வேண்டாமா என்று யோசிக்க உங்களுக்கு உரிமை இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 19-வது பிரிவின்படி சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் 21-வது பிரிவில் அதுவே குற்றம், ஆறு மாதம் வரை சிறை. உங்களுக்கு மட்டுமல்ல, வீடியோவைப் பார்த்த ஊர்த் தலைவருக்கும் இது பொருந்தும். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது என்று அதே 19-வது பிரிவு சொல்கிறது. பயப்பட வேண்டாம்.

கண்காணிப்பாளர் உங்களைத் திட்டியது வழக்காகாது. தன் கீழ் வேலை பார்ப்பவரைப் பற்றி நீங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போலீசுக்குத் தெரிவிக்காமல் இருந்திருந்தால், அதுதான் வழக்கு. பொறுப்பில் இருப்பவருக்கு இதில் ஓராண்டு வரை சிறை. மகாராஷ்டிராவில் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு பள்ளி விடுதிப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், தெரிந்தும் சொல்லவில்லை என்று வழக்கு வந்தது. உயர் நீதிமன்றம் ரத்து செய்த அந்த வழக்கை 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் திரும்ப உயிர்ப்பித்தது. ஆகவே எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போனீர்கள், அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை இன்றே எழுதி வையுங்கள். அவர் பேசிய பேச்சை விட, நீங்கள் அவரிடம் என்ன சொன்னீர்கள் என்பது முக்கியம்.

"ஆண் பிள்ளைக்கு போக்சோ வருமா" என்று சிலர் கேட்கிறார்கள். வரும், ஒரு வித்தியாசமும் இல்லை. காப்பக ஊழியரே செய்திருந்தால், தவறாகத் தொட்டதற்கே 5 ஆண்டுக்குக் குறையாத சிறை. பெல்ட் அடிக்கு, பிள்ளையைக் கொடுமைப்படுத்துவதைத் தண்டிக்கும் இளைஞர் நீதிச் சட்டம் 75-வது பிரிவு தனி. புகாரை எழுதிக் கொடுங்கள். மனு வந்தது என்று தரும் ரசீதோடு நிற்காமல், வழக்குப் பதிந்ததைக் காட்டும் எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லுங்கள்.

எனக்குக் கவலை அந்த மூன்று வீடியோக்கள்தான்.

சில வருடங்களுக்கு முன், சாயல்குடிப் பக்கமிருந்து ஒரு குடும்பம் இதே மாதிரி வந்தது. பிள்ளை சொன்னது உண்மை என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை. பாசத்தில்தான், பெரியப்பா ஒரு தடவை, பாட்டி ஒரு தடவை, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தடவை என்று ஆளாளுக்குக் கேட்டுப் போனில் பதிந்திருந்தார்கள். ஒன்றில் சனிக்கிழமை என்றான், இன்னொன்றில் லீவு நாள் என்றான். ஒன்றில் பாட்டியின் குரல், "அப்புறம் என்ன செஞ்சான், சொல்லு, பயப்படாதே" என்று எடுத்துக் கொடுக்கிறது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அவனைக் கேட்டது ஒரே கேள்வி: "இதை வீட்டில் எத்தனை தடவை சொல்லிப் பார்த்தே தம்பி?" பையன் விரல் விட்டு எண்ணி, "ஏழு" என்றான். சொல்லிக் கொடுத்த சாட்சி என்று தீர்ப்பு வந்தது, ஆள் விடுதலை. வெளியே வராந்தாவில் அந்தப் பையன் என்னிடம், "நான் தப்பாச் சொல்லிட்டேனா சார்?" என்று கேட்டான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை.

அதனால் இனி அவனிடம் இதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காதீர்கள். கேட்க வேண்டியவர் பெண் போலீஸ் அதிகாரி. யூனிபார்ம் இல்லாமல் வீட்டுக்கே வந்து எழுதிக்கொள்ள வேண்டும், பையனை இரவில் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. அதன்பின் மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம். வீடியோக்களை உங்கள் போனிலிருந்து அழிக்காதீர்கள். அழித்தால் எதை மறைத்தீர்கள் என்று கேட்பார்கள். போனை அப்படியே போலீசிடம் காட்டுங்கள். ஆனால் வாங்கியவர்கள் யாருக்கும் மேற்கொண்டு அனுப்பக் கூடாது என்று உடனே சொல்லுங்கள். பிள்ளையை அடையாளம் காட்டுவது இளைஞர் நீதிச் சட்டம் 74-வது பிரிவில் குற்றம், வாட்ஸ்ஆப்பும் அதில் தப்பாது. இத்தனை வீடு இருக்கும் ஊரில், நாளைக்கு அவன் தெருவில் நடக்க வேண்டும் அம்மா.

கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்கே தெரியவில்லை. "விளையாடும்போது விழுந்தான்" என்றுகூட இருக்கலாம். அதைப் புகாரில் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். 9 நாள் தாமதம் ஏன் என்பதையும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். தாமதத்தால் வழக்கு சாகாது, மறைத்தால்தான் சாகும்.

இனி அண்ணி விஷயம். இது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்துதான் சொல்கிறேன். சமாதானமாகப் போங்கள். நிவாரணப் பணம் பற்றி இப்போது நோட்டீஸ் அனுப்பினால், எதிர்த்தரப்புக்கு நீங்களே ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறீர்கள்: "பணத்துக்கும் பிள்ளைக்கும் நாத்தனார் போட்ட பொய்க் கேஸ்." தவிர, காப்பகத்தார் தேடிப் போகும் முதல் ஆளும் அண்ணிதான். சட்டப்படி அவர்தான் தாய். அவர் அந்தப் பக்கம் சாய்ந்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால், உங்கள் கை பாதி கட்டப்பட்ட மாதிரி. பணத்தை விட்டுவிடுங்கள். திருப்பூருக்கு இன்றைக்கே போன் போடுங்கள், சண்டைக்கு இல்லை, "உன் பிள்ளைக்கு இப்படி ஆகியிருக்கு அண்ணி, வந்துடு" என்று சொல்ல.

ஊர்த் தலைவர் சொல்லும் பேச்சுவார்த்தை இங்கே செல்லாது. இரு தரப்பும் ராஜியாகிவிட்டார்கள் என்பதற்காக இப்படிப்பட்ட போக்சோ வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ராஜியில் அந்த ஆளை வேறு காப்பகத்துக்கு மாற்றுவார்கள். அங்கே லீவுக்கு அழைத்துப் போக அத்தைகூட இல்லாத பிள்ளைகள் இருக்கும்.

லீவு முடிந்ததும் திருப்பி அனுப்பலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். அங்கே அனுப்ப வேண்டாம். அதற்காக ஒளித்தும் வைக்காதீர்கள். அவன் குழந்தைகள் நலக் குழு உத்தரவில் இருக்கும் பிள்ளை, சொல்லாமல் வைத்துக்கொண்டால் உங்கள் மேல்தான் திருப்புவார்கள். ராமநாதபுரத்தில் குழுவின் முன் அவனோடு போய், நடந்ததைச் சொல்லி, உங்களிடம் விடும்படி எழுதிக் கொடுங்கள். போலீஸும் 24 மணி நேரத்தில் குழுவுக்குத் தெரிவித்தாக வேண்டும். வக்கீல் செலவுக்குப் பயம் வேண்டாம். 15100-க்கு அடித்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் அரசு ஆஸ்பத்திரி. 9 நாளில் தடம் பாதி மங்கியிருக்கும், இன்னும் நாள் கடத்தினால் டாக்டர் எழுத ஒன்றும் இல்லாமல் போகலாம். எஃப்.ஐ.ஆர். இல்லாமலே போக்சோ 27-வது பிரிவில் பரிசோதிக்க வேண்டும், "போலீஸ் மெமோ கொண்டு வா" என்று திருப்பி அனுப்பக் கூடாது. பரிசோதனையின்போது பிள்ளை நம்புகிற ஒருவர் கூட இருக்கலாம், அது தாயாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நீங்களா, மாமாவா என்று அவனையே கேளுங்கள். இப்போதைக்கு நீங்கள் அவனிடம் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.