கோட்டையில் கொடியை இறக்கியவர்

கே: பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் விமானத் தளத்தைக் கட்டியது ஜப்பான்காரர்கள் என்று எங்கள் தாத்தா சொல்வார். உண்மையா? (வாசகர், பிறை)

ப: இல்லை ஐயா. வெள்ளைக்காரர்கள் கட்டி 1941 அக்டோபரில் திறந்தார்கள். இரண்டே மாதத்தில் கையைவிட்டுப் போனது. தாத்தா பார்த்தது ஜப்பான்காரன் காலத்துத் தளமாக இருக்கும். பின்னாளில் ஆஸ்திரேலிய விமானப்படை வெகுகாலம் அங்கே இருந்தது. 1988இல் அது நம் மலேசிய விமானப்படையின் பொறுப்புக்கு வந்தது.

அந்த ஓடுபாதை என்றாலே எனக்கு ஆர்தர் ஸ்கார்ஃப் என்ற பிரிட்டிஷ் விமானியின் நினைவுதான் வரும். 1941 டிசம்பர் 9. தாய்லாந்தின் சிங்கோராவில் இறங்கியிருந்த ஜப்பானியரைத் தாக்க பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் புறப்படத் தயாராக நின்றன. ஸ்கார்ஃப் மேலே எழும்பியதுதான் தாமதம், ஜப்பான் விமானங்கள் வந்து தரையில் நின்றவற்றை நொறுக்கிவிட்டன. அவர் தனியாகவே போய்க் குண்டு போட்டார். இடது கை சிதைந்து, முதுகிலும் காயம்பட்ட நிலையில், அலோர்ஸ்டார் வரை ஓட்டிவந்து வயலில் இறக்கினார். கூட வந்தவர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அங்கே மருத்துவமனையில் தாதியாக இருந்தவர் அவருடைய மனைவி. ரத்தம் கொடுத்தும் காப்பாற்ற முடியவில்லை. அவருக்கு வயது 28. 1946இல்தான் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை கொடுத்தார்கள்.

தைப்பிங் போர்க் கல்லறையில் இருக்கிறார். நான் போன அன்று மழை விட்டிருந்தது. பெயர் பொறித்த எழுத்துகளுக்குள் தண்ணீர் தேங்கி நின்றது. விரலால் துடைத்துவிட்டுத்தான் வந்தேன்.

கே: பினாங்கு ஜார்ஜ்டவுனில் உள்ள கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கியது ஒரு தமிழர் என்கிறார்களே? (வாசகி, ஜெலுத்தோங்)

ப: ஆமாம் அம்மா. மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர், ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியர். கொழும்பு சரா மைதானம் இவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவர் பெயரில்தான் இருக்கிறது.

டிசம்பர் 11 அன்று ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்தது. அப்போது என் பாட்டிக்கு ஒன்பது வயது. சூலியா தெருவில் எல்லாரும் வெளியே வந்து அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்களாம். நம்ம ஆள் விமானம் என்று கை தட்டியவர்களும் உண்டு என்பார். அதைச் சொல்லும்போதெல்லாம் பாட்டி தன் காதைப் பொத்திக்கொள்வார், எண்பது வயதிலும்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. 16ஆம் தேதி இரவு, பிரிட்டிஷார் ஊருக்குச் சொல்லாமல், வெள்ளைக்காரர்களை மட்டும் படகேற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் அப்படியே விடப்பட்டார்கள். கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. கொடி பறக்கும்வரை குண்டும் விழும். சரவணமுத்து எல்லா இனத்தவரையும் சேர்த்து ஒரு சேவைக் குழு அமைத்தார். கொடியை இறக்கி வெள்ளைக் கொடி ஏற்றினார். வானொலி நிலையத்துக்குப் போய், பிரிட்டிஷார் போய்விட்டார்கள், இனி குண்டு போட வேண்டாம் என்று ஒலிபரப்பினார். 19ஆம் தேதி ஜப்பானியர் தீவுக்குள் வந்தார்கள். பிறகு அவரையே சிறையிலும் அடைத்தார்கள். போருக்குப் பின் இலங்கையின் தூதராகப் பணியாற்றினார். என்னைக் கேட்டால், பினாங்குத் தமிழ்ப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் இவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

கே: ஜார்ஜ்டவுன் மணிக்கூண்டு சாய்ந்தது அந்தக் குண்டாலா? (வாசகர், புக்கிட் மெர்தாஜம்)

ப: போர்க்காலத்தில் பக்கத்தில் விழுந்த குண்டின் அதிர்வால் என்றுதான் பினாங்கில் காலங்காலமாகச் சொல்கிறார்கள். விக்டோரியா ராணியின் 60 ஆண்டு ஆட்சிக்காக, ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி. செலவைக் கொடுத்தவர் சீனச் செல்வந்தர் சியா சென் இயோக். பெர்ரியில் வந்து இறங்கினால் நடந்தே போகலாம். கோபுரத்தின் விளிம்பையும் சாலையோர விளக்குக் கம்பத்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்துப் பாருங்கள், சாய்வு தெரியும். காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், அப்புறம் வெயில் கண்ணில் அடிக்கும்.