ஒரே கான்ஜிக்கு 12 உச்சரிப்பு: எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா?

கேள்வி: டிசம்பரில் ஜப்பானிய மொழித் தேர்வின் தொடக்க நிலையான என்5 எழுதுகிறேன். 'பிறப்பு' என்று பொருள்தரும் 生 என்ற கான்ஜிக்கு (ஜப்பானியில் வழங்கும் சீன எழுத்து) செய், ஷோ, நாமா, இகிரு, உமாரேரு என்று அகராதியில் பட்டியல் நீள்கிறது. எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் மறந்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: பட்டியலை மூடி வையுங்கள். ஜப்பான் அரசின் அன்றாடக் கான்ஜிப் பட்டியலிலேயே இந்த எழுத்துக்கு 12 உச்சரிப்புகள் இருக்கின்றன. தேர்வில் யாரும் அவற்றை ஒப்பிக்கச் சொல்வதில்லை. வாக்கியத்தில் ஒரு சொல்லுக்கு அடிக்கோடிட்டு, அதை எப்படி வாசிப்பது என்றுதான் கேட்பார்கள். ஆகவே சொல்லைப் படியுங்கள், உச்சரிப்பு தானாக வரும்.

சென்செய் (ஆசிரியர்), காக்குசெய் (மாணவர்) இரண்டும் முதல் பாடத்திலேயே வந்திருக்கும். இரண்டிலும் கடைசி எழுத்து இதுதான், ஒலி 'செய்'. இன்னொரு கான்ஜியோடு சேர்ந்து வரும்போது பெரும்பாலும் இந்த ஒலிதான். அன்றாட வாழ்க்கையைக் குறிக்கும் செய்காத்சு அப்படித்தான். செய்னென்காப்பி என்பதையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். தேர்வுக்காக அல்ல, ஜப்பானில் வங்கியிலோ நகராட்சியிலோ எந்தப் படிவத்தை நிரப்பினாலும் பிறந்த தேதிக் கட்டத்தின் மேல் அந்தச் சொல் இருக்கும்.

தன்ஜோபி (பிறந்தநாள்), இஷ்ஷோ (வாழ்நாள் முழுதும்) இரண்டிலும் முறையே 'ஜோ', 'ஷோ' என்று மாறும். இதற்கு விதி தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள், சொல்லாகவே மனத்தில் பதியட்டும்.

பின்னால் ஹிரகானா (ஜப்பானிய ஒலியெழுத்து) ஒட்டியிருந்தால் அந்த வாலைக் கவனியுங்கள். 'கிரு' என்றால் இகிரு, வாழ்தல். 'மாரேரு' என்றால் உமாரேரு, பிறத்தல். வாலைப் பார்க்காமல் ஊகிப்பவர்கள்தான் இங்கே மதிப்பெண் இழக்கிறார்கள்.

தனியாக நின்றால் நாமா. பச்சை முட்டை என்கிறோமே, அந்தப் 'பச்சை'தான் இது. ஜப்பானியில் நாமா தாமாகோ. மதுக்கடைப் பட்டியலில் இந்த ஓரெழுத்து மட்டும் இருந்தால் பீப்பாய் பீர் என்று பொருள்.

எழுதும் வரிசை 5 கோடுகள்: இடப்புறம் சாய்ந்த சிறு கோடு, மேல் கிடைக்கோடு, நடு நெடுங்கோடு, பிறகு மற்ற இரு கிடைக்கோடுகள். ஆனால் இந்த எழுத்தை மட்டும் தனியே பக்கம் பக்கமாக எழுதாதீர்கள். சென்செய் என்று முழுச் சொல்லாக எழுதுங்கள். அட்டை வைத்துப் படிப்பவராக இருந்தால், முன்பக்கம் முழுச் சொல், பின்பக்கம் ஹிரகானா. ஹாயேரு, ஓஉ, கீ போன்ற மீதியெல்லாம் மேல்நிலைத் தேர்வுகளுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.