வேகமாகப் போய் விழுந்தால் காப்புறுதி கிடைக்குமா?

கேள்வி: எனக்கு 28 வயது, சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறேன். சென்ற ஆண்டு பெரிய மோட்டார்சைக்கிளுக்கான 2ஆம் வகுப்பு உரிமம் எடுத்தேன். 998 சிசி மோட்டார்சைக்கிள் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். இரவு வேலை முடிந்து திரும்பும்போது விரைவுச்சாலை காலியாக இருந்தால் மணிக்கு 160 கிலோமீட்டர் வரை தொடுவேன். தினமும் இல்லை. அந்தச் சில வினாடிகள் தரும் உணர்வு எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. வேக வரம்பைத் தாண்டி விபத்து நடந்தால் காப்புறுதியில் ஒரு காசு வராது என்கிறார்கள் நண்பர்கள். வண்டி விற்ற கடைக்காரரோ, "எல்லாம் கவர் ஆகும், கவலைப்படாதே" என்றார். யார் சொல்வது சரி? அடுத்த மாதம் நண்பர்களோடு தாய்லாந்தின் ஹட்யாய் வரை போகவும் திட்டம் இருக்கிறது.

பதில்: தம்பி, இரண்டு பேர் சொல்வதும் தப்பு. கடைக்காரர் சொன்னது அதிகத் தப்பு, ஏனென்றால் அதை நம்பித்தான் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக மோட்டார் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்ப்பதுதான் என் வேலை. சட்ட வார்த்தைகளை விட்டுவிட்டுச் சொல்கிறேன். உங்கள் காப்புறுதிப் பத்திரத்துக்குள் இரண்டு பைகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பை, உங்களால் காயப்பட்டவருக்கோ இறந்தவரின் குடும்பத்துக்கோ உரியது. சிங்கப்பூரில் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இது கட்டாயம். நீங்கள் 90இல் போனாலும் 160இல் போனாலும் அவருக்கு அந்தப் பையிலிருந்து பணம் போகும். ஆனால் நீங்கள் பத்திரத்தின் நிபந்தனையை மீறியிருந்தால், கொடுத்த பணத்தை நிறுவனம் பிறகு உங்களிடமே கேட்டு வரலாம். இதை நண்பர்களும் சொல்லவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை.

இரண்டாவது பை உங்கள் வண்டிக்கு. நீங்கள் எடுத்திருப்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் என்றால் அந்தப் பையே கிடையாது. பழைய பெரிய வண்டி வாங்குகிறவர்களில் பலர் பணத்தை மிச்சம் பிடிக்க இதைத்தான் எடுக்கிறார்கள். முழுக் காப்புறுதி என்று மனத்தில் நினைத்துக்கொண்டே இதை எடுத்தவர்களும் உண்டு. உங்கள் பத்திரத்தின் முதல் பக்கத்தை இன்றே எடுத்துப் பாருங்கள்.

மூன்றாவதாக ஒரு பை இருக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள்: உங்கள் சொந்த உடம்புக்கு. நீங்களே தவறு செய்து விழுந்தால், சாதாரண மோட்டார்சைக்கிள் காப்புறுதியில் உங்கள் காலுக்கும் முதுகெலும்புக்கும் பை இல்லை. அதற்குத் தனிநபர் விபத்துக் காப்புறுதி தனியாக எடுக்க வேண்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வரம்பைத் தாண்டினார் என்ற ஒரே காரணத்துக்காகக் கோரிக்கையைத் தள்ளிவிடுவது வழக்கம் இல்லை. அப்படித் தள்ள ஆரம்பித்தால் காப்புறுதிக்கே பொருள் இருக்காது. பெரும்பாலான விபத்துகளில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு விதியை மீறித்தான் இருப்பார். ஆனால் வேகம் வேறு வழியாக உங்களைப் பிடிக்கும். சமிக்ஞை போடாமல் கார்க்காரர் தடம் மாறினார், நீங்கள் மோதினீர்கள் என்று வையுங்கள். தவறு பெரும்பாலும் அவர் பக்கம்தான். நீங்கள் 160இல் வந்தது தெரிந்தால் உங்கள் பங்கும் ஏறும், உங்களுக்கு வரவேண்டிய இழப்பீடு அந்த அளவுக்குக் குறையும். இப்போது எல்லா வண்டியிலும் கேமரா இருக்கிறது. பின்னால் வந்த கார் எடுத்த படத்தில் இரண்டு விளக்குக் கம்பங்களை நீங்கள் எத்தனை வினாடியில் கடந்தீர்கள் என்று எண்ணினால் வேகம் தெரிந்துவிடும்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் இளைஞர்கள் மாட்டுகிறார்கள். ஏறக்குறைய எல்லாப் பத்திரங்களிலும் பந்தயம், முன்னோடி ஓட்டம் (முன்னால் போய் மற்றவர்களுக்கு வேகம் அமைத்துக் கொடுப்பது), வேகச் சோதனை இவற்றுக்குக் காப்பு இல்லை என்று ஒரு வரி இருக்கும். பந்தயம் என்றால் கொடி அசைத்து, பரிசு கொடுத்து நடத்துவது மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். "உட்லண்ட்ஸ் வெளிவழிக்கு யார் முதலில்?" என்று இரண்டு நண்பர்கள் பேசிக்கொண்டு கிளம்பினால் போதும். வாட்ஸ்அப்பில் அந்தப் பேச்சு இருந்தால் இன்னும் போதும். "வேகச் சோதனை" என்ற சொல்லுக்கு இரண்டாவது ஆளே தேவையில்லை. வண்டி எவ்வளவு போகிறது பார்க்கலாம் என்று காலியான சாலையில் தனியாக முறுக்கினாலும், அந்த வரிக்குள் உங்களைக் கொண்டுவர நிறுவனம் முயலும். தலைக்கவசத்தில் கேமரா மாட்டி, வேகமானி தெரிகிற மாதிரி எடுத்து, விழுந்த மறுவாரம் அதையே நண்பர்களுக்கு அனுப்பியவரின் கோப்பு என் மேசைக்கு வந்திருக்கிறது. அவருக்குச் சாதகமாக எழுத என்னிடம் ஒரு வரிகூட இருக்கவில்லை. காப்புறுதியோடு இது முடிவதும் இல்லை. பொதுச் சாலையில் பந்தயம் விடுவது தனிக் குற்றம், வண்டியே பறிமுதலாகலாம்.

இப்போது கடைக்காரர் விஷயம். வண்டி விற்கும்போது கடன், காப்புறுதி, பெயர் மாற்றம் எல்லாவற்றையும் "நானே பார்த்துக்கிறேன்" என்று ஒரே கட்டாக முடித்துக் கொடுக்கிறார்கள். வசதிதான். ஆனால் காப்புறுதி விண்ணப்பத்தில் என்ன எழுதினார்கள் என்று நீங்கள் பார்த்தீர்களா? தெரிந்ததை முழுமையாகவும் உண்மையாகவும் சொல்லாவிட்டால் பத்திரத்தால் பயன் இல்லாமல் போகலாம் என்று அந்த விண்ணப்பத்திலேயே எச்சரிக்கை இருக்கும். அதைப் படித்தவரை நான் அதிகம் பார்த்ததில்லை. கட்டணம் குறைவாகத் தெரிய வேண்டும் என்று தந்தையை முதன்மை ஓட்டுநராகப் போடுகிறார்கள். வார இறுதியில் உணவு விநியோகம் செய்கிறவருக்குச் "சொந்தப் பயன்பாடு" என்று எழுதுகிறார்கள். முன்பு நடந்த விபத்தை விட்டுவிடுகிறார்கள். மாற்றிய சைலன்சரைப் பற்றி மூச்சே இல்லை. கையெழுத்து மட்டும் உங்களுடையது. விபத்துக்குப் பிறகு, "கடைக்காரர்தான் எழுதினார்" என்று சொல்லிப் பயன் இல்லை.

ஒரு பையன், 26 வயது. சாலையில் அவன் செய்த தவறு சின்னது. அவன் விண்ணப்பத்தில் கடை எழுதியது நான்கு விஷயம், நான்கும் பொய். கோரிக்கை நின்றுபோனது. கடனுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் பாக்கி. வண்டி இரும்புக் குப்பை. அவன் அம்மா என் எதிரில் உட்கார்ந்து, "இவ்வளவு படித்த ஊரில் இதைச் சொல்ல ஒருத்தர் இல்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை இன்றும் விடவில்லை. வண்டியை வாங்கும் நாளன்று ஒரு பக்கத்தில், எளிய மொழியில், எதற்குப் பணம் வரும், எதற்கு வராது என்று எழுதிக் கொடுப்பதில் நிறுவனங்களுக்கு என்ன கஷ்டம்? இருபது ஆண்டுகளாக இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பொடி எழுத்து பொடி எழுத்தாகவே இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: விண்ணப்பத்தின் நகலை நிறுவனத்திடம் நேரடியாக மின்னஞ்சலில் கேளுங்கள், கடையிடம் கேட்காதீர்கள். வந்ததும் வரி வரியாகப் பாருங்கள். தவறு இருந்தால் விபத்துக்கு முன்பே எழுத்தில் திருத்துங்கள். கட்டணம் கூடும். கூடட்டும். பழைய வண்டி என்பதால் சைலன்சரையும் சோதித்துக்கொள்ளுங்கள். முந்தைய உரிமையாளர் மாட்டியது நிலப் போக்குவரத்து ஆணையம் ஏற்ற வகைதானா என்று பார்க்க வேண்டும். மூன்று ஆண்டு தாண்டிய மோட்டார்சைக்கிளுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. பரிசோதனை நாளுக்கு மட்டும் நல்ல சைலன்சரை மாட்டி மறுநாள் கழற்றிவிடுகிற பட்டறைகள் இருக்கின்றன. பரிசோதனையில் தேறிய வண்டிதானே என்று நம்பிவிட வேண்டாம்.

விபத்து நடந்த இடத்திலும் இடைத்தரகர்கள் வருவார்கள். நீங்கள் கூப்பிடாத இழுவை வண்டி பத்து நிமிடத்தில் வந்து நிற்கும். "பாஸ், நம்ம பட்டறைக்குப் போகலாம், கிளைம் எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம், உங்களுக்குக் கையில் காசும் வரும்" என்பார். வலியிலும் பயத்திலும் இருக்கும்போது அவர் தம்பி அண்ணன் மாதிரித் தெரிவார். வண்டியைக் கொடுக்காதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் எண்ணைக் கைப்பேசியில் வைத்திருங்கள்; அவர்கள் அனுப்புகிற வண்டியில் மட்டும் ஏற்றுங்கள். சின்னக் கீறல் என்றாலும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். "நாமே பேசி முடிச்சுக்கலாம்" என்று எதிராளி சொன்னாலும் தெரிவியுங்கள். மூன்று மாதம் கழித்து அவருக்குக் கழுத்து வலிக்க ஆரம்பிக்கும்.

இன்னொரு வகையினர், போக்குவரத்துக் குற்றத்துக்காக உங்கள் உரிமத்தில் ஏற வேண்டிய குற்றப்புள்ளிகளைப் பணத்துக்காகத் தங்கள் பெயரில் வாங்கிக்கொள்கிறவர்கள். வேகக் கேமராவில் பிடிபட்டால் பணம் கொடுத்து வேறொருவர் பெயரைக் கொடுத்துவிடலாம் என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். காவல்துறையிடம் பொய்த் தகவல் கொடுப்பது அபராதத்தோடு முடியும் குற்றம் இல்லை; இதற்குச் சிறைக்குப் போனவர்கள் உண்டு. வரம்பு 90 உள்ள இடத்தில் 160 என்றால் 70 கூடுதல். 60க்கு மேல் போனாலே ஒரே தடவையில் 24 புள்ளிகள், நீதிமன்றம். நீதிமன்றம் ஓராண்டு அல்லது அதற்கு மேல் தடை விதித்தால் உரிமம் செல்லாது. எல்லாத் தேர்வுகளையும் முதலிலிருந்து எழுத வேண்டும். சின்ன வண்டிக்கு 2பி, பிறகு ஓராண்டு, நடுத்தர வண்டிக்கு 2ஏ, பிறகு ஓராண்டு என்று நீங்கள் ஏறிவந்த படிகளை நினைத்துப் பாருங்கள்.

அந்த உணர்வைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கும் அது தெரியும், நானும் பெரிய வண்டி ஓட்டியவன்தான். காது அடைத்து, சாலை ஒரு கோடாக ஒடுங்கி, தலையில் இருந்த அன்றைய நாள் முழுதும் காற்றோடு போய்விடும். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆயிரம் சிசி வண்டிக்கு முதல் கியரிலேயே 90ஐத் தாண்டுகிற வலு இருக்கிறது. நம் சாலையில் அதற்கு இடமே இல்லை.

கணக்கைப் பாருங்கள். 90இல் போகும் வண்டி ஒரு வினாடியில் 25 மீட்டர் போகும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு வினாடி, அதன் பிறகு நல்ல பிரேக், காய்ந்த சாலை: மொத்தம் 64 மீட்டர் வாக்கில் நின்றுவிடும். 160இல் ஒரு வினாடியில் 44 மீட்டர் போய்விடும். நிற்பதற்கு 165 மீட்டருக்கு மேல் வேண்டும். 90இல் வந்தவர் நின்றுவிட்ட அதே இடத்தில் நீங்கள் இன்னும் 145க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். இதை நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. காகிதத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

கார்க்காரர் பக்கமும் யோசியுங்கள். அவர் 80இல் போகிறார், கண்ணாடியைப் பார்க்கிறார், தூரத்தில் ஒற்றை விளக்கு. மோட்டார்சைக்கிளின் முன்பக்கம் சிறியது. அது எவ்வளவு வேகமாக வருகிறது என்று மனிதக் கண்ணால் சரியாக மதிப்பிட முடியாது. 65 மீட்டர் பின்னால் இருக்கும் நீங்கள் மூன்று வினாடியில் அவர் பக்கத்தில் இருப்பீர்கள். அவர் உங்களைப் பார்த்த பிறகும், நீங்கள் இன்னும் தூரத்தில்தான் இருக்கிறீர்கள் என்று நம்பித் தடம் மாறுவார். நம் மழையில் வெள்ளைக் கோடும் பாலத்து இரும்பு இணைப்பும் எப்படி வழுக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இதற்கெல்லாம் உங்களை யார் தயார் செய்தார்கள்? மூன்று வகுப்புத் தேர்வுக்கும் ஒடுங்கிய பலகைமேல் ஓட்டுவது, எட்டு வடிவில் சுற்றுவது, கூம்புகளுக்கு நடுவே வளைவது. எல்லாம் மெதுவான வேகத்தில். ஆயிரம் சிசி வண்டியை 100இலிருந்து நிறுத்திப் பழகாமலே 2ஆம் வகுப்பு உரிமம் கைக்கு வந்துவிடுகிறது. பாதுகாப்பாக வேகம் பழக நிரந்தரத் தடமும் இங்கே இல்லை. அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி பந்தயம் நடந்தது, மோட்டார்சைக்கிள்களும் ஓடின, உயிர்களும் போயின, நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது சரி. சாங்கியில் தடம் கட்டும் திட்டம் வந்தது, அதுவும் கைவிடப்பட்டது. சாலை விபத்தில் சாகிறவர்களில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ மோட்டார்சைக்கிளில் போகிறவர்கள் என்று ஆண்டுதோறும் படிக்கிறோம், சுவரொட்டி ஒட்டுகிறோம். ஒரு நல்ல பிரேக் வகுப்பைக் கட்டாயமாக்க ஏன் இவ்வளவு தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

வேகம்தான் வேண்டும் என்றால் மலேசியாவில் செப்பாங் பந்தயத் தடம் இருக்கிறது. ஐந்தரை கிலோமீட்டர் தடம், எதிரே லாரி வராது, பக்கத்தில் ஆம்புலன்ஸ் நிற்கும். ஆனால் உங்கள் சாலைக் காப்புறுதி தடத்துக்குள் செல்லாது. தனிநபர் விபத்துக் காப்புறுதி எடுக்கும்போதும் தடத்தில் ஓட்டுவதற்கு அது உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஹட்யாய் விஷயம் சுலபம். நம் பத்திரங்கள் வழக்கமாக மேற்கு மலேசியாவுக்கும், தாய்லாந்தில் எல்லையிலிருந்து 80 கிலோமீட்டர் வரைக்கும் செல்லும். ஹட்யாய் அதற்குள் வரும். "இவ்வளவு தூரம் வந்துட்டோம், கிராபிக்கும் போகலாம்" என்று யாராவது சொன்னால் அது வெளியே. எல்லையில் தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதியைத் தனியாக வாங்க வேண்டும். மலேசிய நெடுஞ்சாலையில் வரம்பு அதிகபட்சம் 110. கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிறவரைப் பிடிக்கத் துரத்துவதும், மேலே சொன்ன "பந்தயம்" என்ற வரியும் ஒன்றுக்கொன்று ரொம்பப் பக்கம். கிளம்பும் முன் நிறுவனத்துக்குப் பயணத் தேதியைச் சொல்லி, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு நகல் வீட்டிலும் இருக்கட்டும்.