பந்து ஏன் மிதக்கிறது? அனிமேஷன் கேள்வி பதில்

கேள்வி: சார், அனிமேஷனைக் கண்டுபிடித்தது வால்ட் டிஸ்னிதானே?

பதில்: இல்லை, அவர் பிறப்பதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1832-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசப் பிளாட்டோ, வட்டத் தட்டின் ஓரத்தில் வரிசையாகப் படங்களை வரைந்தார். தட்டைக் கண்ணாடி முன் சுழற்றி, அதிலுள்ள பிளவுகள் வழியே பார்த்தால் படம் அசையும். 1892-இல் பாரிஸில் எமில் ரெய்னோ கையால் வரைந்த படச்சுருளைத் திரையில் ஓட்டி மக்களுக்குக் காட்டினார். லூமியேர் சகோதரர்களின் சினிமாவுக்கு மூன்று ஆண்டுகள் முந்தியது இது! அவர் பெயரை இன்று பலரும் அறியாதது எனக்குப் பெரிய வருத்தம். 1908-இல் பிரான்ஸின் எமில் கோல் ஒரு குட்டி அனிமேஷன் படத்துக்காகச் சுமார் 700 படங்கள் வரைந்தார். திரையில் அது இரண்டு நிமிடம்கூட வராது.

கேள்வி: அப்போ முதல் முழுநீளப் படமாவது டிஸ்னியோட 'ஸ்னோ வொயிட்'தானா?

பதில்: அது 1937. இன்று நம் கைக்குக் கிடைப்பவற்றில் மிகப் பழையது, ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் 1926-இல் அட்டை உருவங்களை வெட்டி, நிழலுருவங்களாக அசைத்து எடுத்த அனிமேஷன் படம். அவசியம் தேடிப் பாருங்கள்.

கேள்வி: சினிமாவில் விநாடிக்கு 24 படம் ஓடுமாமே, அத்தனையும் வரையணுமா?

பதில்: வேண்டாம். திரையில் ஓடும் அந்த ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். பெரும்பாலும் ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைப்பார்கள், 12 போதும். ரொம்ப வேகமான அசைவுக்கு மட்டும் 24.

கேள்வி: அண்ணா, பந்து குதிக்கிற மாதிரி வரைஞ்சேன். பலூன் மாதிரி மிதக்குது. வரைஞ்சது நல்லாத்தான் இருக்கு, எங்கே தப்பு?

பதில்: தம்பி, தப்பு படத்தில் இல்லை, படங்களுக்கு நடுவே விட்ட இடைவெளியில். நீ வரைந்ததில் எல்லா இடைவெளியும் சமமாக இருந்திருக்கும். உச்சியில் பந்து வேகமிழக்கும். அங்கே படங்கள் நெருக்கமாக வரட்டும். இறங்க இறங்க இடைவெளி கூடிக்கொண்டே போகணும். தரையைத் தொடும் முன் பந்தைக் கொஞ்சம் நீட்டு, தொட்ட ஃபிரேமில் நசுக்கு, அடுத்ததிலேயே விட்டுவிடு. நசுக்கும்போது பக்கவாட்டில் அகலமாகணும். இல்லாவிட்டால் பந்து சுருங்கின மாதிரி தெரியும். இரும்புக் குண்டு என்றால் நசுக்கவே கூடாது. அடுத்தடுத்த குதிப்பில் உயரமும் தூரமும் குறையட்டும். எடை என்பது இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் அனிமேஷனே அதுதான்.

கேள்வி: அனிமேஷனின் 12 கொள்கைகள்னு சொல்றாங்களே, எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணுமா?

பதில்: தேவையில்லை. டிஸ்னியில் வேலை பார்த்த ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் வெளியிட்ட புத்தகத்தில் தொகுத்தவை அவை. ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். தாவும் முன் உடம்பு பதுங்கணும் என்பதை ஒருமுறை வரைந்தாலே மனதில் பதிந்துவிடும்.

கேள்வி: 3டி மென்பொருள் நடுப்படங்களைத் தானே போட்டுடுமே?

பதில்: போடும், ஆனால் பந்து எது என்று அதற்குத் தெரியாது. கீஃபிரேம், அதாவது நாம் குறித்துக் கொடுக்கும் முக்கியப் படம், வைத்த இடத்திலெல்லாம் பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துவிடும். தரையில்கூட பந்து மெதுவாக வந்து இறங்கும். அசைவை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து, உச்சியில் வளைவை அப்படியே விட்டு, தரையைத் தொடும் புள்ளியை மட்டும் 'வி' போலக் கூராக்குங்கள்.