இரவு ஷிஃப்டும் தவறிய மாத்திரையும்

கேள்வி: டோலுடெகிராவிர் கலந்த எச்.ஐ.வி. கூட்டு மாத்திரை, தினமும் ஒன்று சாப்பிடுகிறேன். ஷிஃப்ட் மாறும்போது விட்டுப்போகிறது. மறுநாள் இரண்டாகப் போடலாமா?

பதில்: கூடாது. நினைவு வந்ததும் ஒன்று போடுங்கள். அடுத்த வேளைக்கு 4 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் தவறிய வேளையை விட்டுவிடுங்கள். அடிக்கடி விட்டால் ரத்தத்தில் மருந்தளவு இறங்கும், வைரஸ் பெருகும், மருந்துக்கு மசியாத ரகமும் தலைதூக்கும்.

எல்லா ஷிஃப்டிலும் விழித்திருக்கும் ஒரு நேரத்தைப் பிடியுங்கள். டப்பா குலுங்கும் சத்தம் காட்டிக்கொடுக்குமோ என்றே வேளையை விடுபவர்கள் உண்டு (மறதி என்றுதான் டாக்டரிடம் சொல்வார்கள்!). அன்றைய ஒன்றை மட்டும் சிறு டப்பியில், பஞ்சு வைத்து எடுத்துச் செல்லுங்கள்.

நெஞ்செரிச்சலுக்கு ஆன்டாசிட் போடுவதானால் கவனம்: இந்த மாத்திரைக்குப் பின் 2 மணி நேரம் கழித்து, அல்லது 6 மணி நேரம் முன்பே. சேர்த்துப் போட்டால் மருந்து உடலில் சரியாகச் சேராது.